கேட் 6 போதுமா, 6ஏ தான் வேண்டுமா?

நண்பர்களே, வணக்கம். மூன்று மாடி அலுவலகம் ஒன்றுக்குப் புதிதாக நெட்வொர்க் கேபிள் இழுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. சுமார் 200 இணைப்புகள். சுவிட்ச் அறையிலிருந்து கடைசி மேசை வரை 70 மீட்டர் வருகிறது.

சிக்கலே அங்கேதான். கேட் 6 (கேட்டகரி 6 என்ற செப்புக் கேபிள் வகை) கேபிளில் நொடிக்கு 10 கிகாபிட் வேகம் 55 மீட்டர் வரைதான். அதற்கு அடுத்த மேம்பட்ட வகையான 6ஏ என்றால் 100 மீட்டர். ஆனால் 2016-இல் வந்த 802.3பிஇசட் என்ற ஈதர்நெட் (கம்பி நெட்வொர்க்) தரப்படி கேட் 6-இலேயே 100 மீட்டருக்கு 5 கிகாபிட் கிடைக்கும். மேசைக் கணினிகளுக்கு அதுவே தாராளம் என்று நினைக்கிறேன். வைஃபை கருவிகளுக்கு மட்டும் 6ஏ இழுக்கலாமா? அவற்றுக்கு மின்சாரமும் அதே கேபிளில்தான் போகும். கட்டுக்கட்டாகப் போகும்போது சூடேறுமே என்று கவலையாக இருக்கிறது. நேற்று பழைய கூரைப் பலகையைத் திறந்து பார்த்தேன். நாற்பது கேபிள்களைப் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டியதில் உறையே நசுங்கியிருந்தது. அது மறுபடி நடக்கவே கூடாது.

மாடிகளுக்கு இடையே ஃபைபர் எனும் ஒளியிழைக் கேபிள்தான். அதில் சிங்கிள் மோடு (ஒளி ஒரே பாதையில் செல்லும் வகை) பக்கமே மனம் சாய்கிறது.

கேட் 6, 6ஏ இரண்டையும் கலந்து போட்டவர்கள் இருந்தால், பிறகு பராமரிப்பில் என்ன தொல்லை வந்தது என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் ஆர்டர் கொடுத்தாக வேண்டும்.