கறுப்பாக இருந்தால்தான் சுத்தமான வெல்லமா?

காமலாபுரத்தான்:
ஏற்காட்டில் கடை வைத்திருக்கும் ஒருவர் நேற்று இங்கே எழுதியது இது: "வெல்லம் கறுப்பாக இருந்தால்தான் சுத்தம். மஞ்சள் வெல்லம் எல்லாம் ரசாயனம். என்னிடம் இருக்கும் கறுப்பு மலை வெல்லத்தைச் சர்க்கரை நோய் உள்ளவர்களும் பயமின்றிச் சாப்பிடலாம்." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் வெல்ல ஆலை ஓடுகிறது. நிறத்தைப் பார்த்துச் சுத்தம் சொல்லும் வித்தையை எங்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

மண், கரும்பு ரகம், தீ. நிறம் இந்த மூன்றில் இருக்கிறது. உப்புத் தண்ணீர் பாய்ந்த தோட்டத்துக் கரும்பு கறுத்த வெல்லம்தான் தரும். கொப்பரைக்குக் கீழே சக்கையைக் கூடுதலாகத் தள்ளி, இறக்க வேண்டிய பதத்தைத் தாண்டவிட்டால் பாகு கருகும். அதுவும் கறுப்புதான். நல்ல மண்ணில் விளைந்த கரும்பை ஆட்டி, வெண்டைச் சாறு விட்டு அழுக்கை ஒழுங்காக வழித்தெடுத்து, பதம் தப்பாமல் இறக்கினால் பொன்னிறம் தானாக வரும். அந்த உழைப்பைப் பார்த்து ரசாயனம் என்று சொல்ல இவர் யார்?

ஏற்காட்டுச் சாரல்:
பெயரைச் சொல்லியே கேட்கலாம், நான்தான் எழுதினேன். எழுதியதில் ஒரு வார்த்தையையும் மாற்ற மாட்டேன். உங்கள் ஓமலூர் வட்டாரத்து ஆலைகளில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதனை போட்டு, பாகில் கலக்க வைத்திருந்த வெள்ளைச் சர்க்கரை மூட்டைகளைப் பறிமுதல் செய்த செய்தியை நாங்கள் படித்ததே இல்லையா? பாகை வெளுக்க ஹைட்ரோஸ் போடுவது மலைக்காரர்களா, நீங்களா? மக்கள் பயந்துபோய்க் கறுப்பைத் தேடுகிறார்கள். அந்தப் பயத்தை உண்டாக்கியவர்களே இன்று கோபப்படுகிறீர்கள்.

காமலாபுரத்தான்:
ஹைட்ரோஸ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். யாரும் மறைக்கவில்லை. அது சோடியம் ஹைட்ரோ சல்பைட், துணி ஆலைகளில் சாயம் போடப் பயன்படுத்தும் பொருள். அதைப் போட்ட மஞ்சள் நிலைக்காது, வைத்திருக்க வைத்திருக்க நிறம் மங்கிக் கறுக்கும். இப்போது பதில் சொல்லுங்கள். ஹைட்ரோஸ் போட்டு, நாள்பட்டுக் கறுத்துப்போன வெல்லத்தை உங்கள் கடைக்கு ஏற்றி அனுப்பினால், "கறுப்பு, ஆகையால் சுத்தம்" என்று வாங்கிக்கொள்வீர்கள் அல்லவா? சர்க்கரை கலந்த பாகைக் கருகவிட்டாலும் கறுப்புதான். உங்கள் கண்ணுக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

அம்மாபேட்டை உணவியலாளர்:
இரண்டு பேரும் நிறத்திலேயே நிற்கிறீர்கள். எனக்குச் சர்க்கரை நோயாளிகளும் பயமின்றிச் சாப்பிடலாம் என்ற அந்தக் கடைசி வரிதான் கவலை தருகிறது. என்னிடம் வருகிற சர்க்கரை நோயாளிகளில் பலர், "சர்க்கரையை விட்டுவிட்டேன், வெல்லம் மட்டும்தான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையில் உயர்ந்த அளவோடு வந்து உட்கார்கிறார்கள். 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் 398 கிலோ கலோரி என்றால், அதே அளவு வெல்லத்தில் 383. வித்தியாசம் அவ்வளவுதான். உணவுப் பாதுகாப்பு விதியே வெல்லத்தில் மொத்தச் சர்க்கரை 90 சதவீதத்துக்கும், சுக்ரோஸ் 60 சதவீதத்துக்கும் குறையக் கூடாது என்கிறது. சுத்தமான வெல்லம் என்றாலே அதில் சர்க்கரை நிறைந்திருக்கிறது என்றுதான் பொருள். கறுப்போ மஞ்சளோ, ரத்தத்துக்குள் போனபின் ஒன்றுதான்.

ஏற்காட்டுச் சாரல்:
அம்மா, இரும்புச்சத்து? அதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? வெள்ளைச் சர்க்கரையில் அது உண்டா?

அம்மாபேட்டை உணவியலாளர்:
விடவில்லை. 100 கிராம் வெல்லத்தில் 2.64 மில்லிகிராம் இரும்பு என்று உணவு அட்டவணை சொல்கிறது. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும். காப்பியில் போடும் 10 கிராம் கட்டியில் 0.26 மில்லிகிராம்தான் கிடைக்கும். அதற்காகச் சர்க்கரை நோயாளியை வெல்லம் தின்னச் சொல்வீர்களா?

கோரிமேடு வாசி:
எனக்கு வேறொரு கேள்வி. அது என்ன மலை வெல்லம்? சேர்வராயன் மலையில் காப்பியும் மிளகும் விளைவதைப் பார்த்திருக்கிறேன். கரும்புத் தோட்டம் எந்த வளைவில் இருக்கிறது? இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப்போன கீழ்நாட்டு வெல்லத்துக்கு மேலே போனதும் மலை என்ற அடைமொழி ஒட்டிக்கொள்கிறதா?

ஏற்காட்டுச் சாரல்:
மலையில் விற்பதால் மலை வெல்லம். வாங்குகிறவர்கள் மகிழ்ச்சியாக வாங்குகிறார்கள், உங்களுக்கு என்ன வலிக்கிறது? சென்ற முறை தேன் விஷயத்திலும் நீங்கள்தான் வந்து மூக்கை நுழைத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

கோரிமேடு வாசி:
தேன் விஷயத்தில் கேட்ட கேள்விக்கும் இன்றுவரை பதில் வரவில்லை. நானும் மறக்கவில்லை.

கவுந்தப்பாடிக்காரன்:
சேலத்துக்காரர்கள் நிறத்துக்கு அடித்துக்கொள்ளுங்கள். பழனி பஞ்சாமிர்தத்துக்கு எங்கள் ஊர் நாட்டுச் சர்க்கரைதான் போகிறது. தரத்துக்கு அதைவிடச் சான்று எதற்கு? பேசாமல் எங்கள் சந்தைக்கு வந்து வாங்கிப் போங்கள்.

காமலாபுரத்தான்:
தம்பி, பழனிக்குப் போகிறது என்று பெருமைப்படுங்கள், நல்லது. ஆடி மாதம் கோட்டை மாரியம்மனுக்கு வைக்கும் பொங்கலில் எங்கள் வெல்லம்தான் கரைகிறது. நாங்களும் சாமிக்குப் போடுகிறவர்கள்தான். உங்கள் ஈரோட்டுப் பெருமையை இங்கே அவிழ்க்க வேண்டாம். பேச்சு நிறத்தைப் பற்றியது. கறுப்பு என்பது சுத்தத்தின் அடையாளம் அல்ல. இதை அந்த ஏற்காட்டுக்காரர் ஒருமுறை எழுதட்டும், நான் போய்விடுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டை மண்டி:
எழுதச் சொல்லிச் சண்டை போடும் ஆலைக்காரர்களே, கொஞ்சம் நேர்மையாகப் பேசுங்கள். ஏலத்துக்கு வரும்போது யார் வெளுத்த வெல்லத்தை முன்வரிசையில் அடுக்குகிறார்கள்? நீங்கள்தான். வாங்க வருகிற வியாபாரி பளிச்சென்று இருப்பதைத்தான் கேட்கிறார். நிறம் குறைந்தால் சிப்பத்துக்கு, அதாவது மூட்டைக்கு, விலை குறைகிறது. நாங்கள் என்ன செய்வது?

காமலாபுரத்தான்:
அண்ணா, இத்தனை வருட ஆத்திரத்தையும் நீங்களே கிளறிவிட்டீர்கள். ஒரு ஆலைக்காரன் ஹைட்ரோஸ் டப்பாவை ஏன் தொடுகிறான்? ரசாயனம் போடாமல் காய்ச்சி, கொஞ்சம் செம்மை கலந்த நிறத்தில் கொண்டுவந்தால், மண்டியில் முகத்தைச் சுளித்து விலையைக் குறைக்கிறீர்கள். பக்கத்தில் வெளுத்துப் போட்டவனுக்குக் கூடுதலாகத் தருகிறீர்கள். கரும்பு வெட்டும் கூலி, சக்கை, ஆலை வாடகை எல்லாம் அவனுக்கும் எனக்கும் ஒன்றுதான். ஒரு பொங்கலுக்கு நல்ல சரக்கைக் கொண்டுவந்து, கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுத் திரும்பிய அவமானம் எனக்கு இருக்கிறது. இன்று அதே ஊர் கறுப்புதான் சுத்தம் என்கிறது! நேற்று வெள்ளைக்கு விலை, இன்று கறுப்புக்கு விலை. நாளை கறுப்புச் சாயம் போட ஒருவன் வருவான். அப்போதும் நிறத்தைத்தான் பார்ப்பீர்களா?

நிறம் பார்க்காதீர்கள். எந்த ஆலை, யார் காய்ச்சியது என்று கேளுங்கள். பொங்கலுக்கு முன் எங்கள் பக்கம் வாருங்கள், கொப்பரை ஓரம் நின்று பாருங்கள். அழுக்கு எடுக்கிறானா, சர்க்கரை மூட்டை பிரிக்கிறானா என்பது அரை மணியில் தெரிந்துவிடும்.

ஏற்காட்டுச் சாரல்:
கொப்பரை ஓரம் நிற்க எல்லோருக்கும் நேரம் எங்கே? கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள மக்களுக்கு ஒரு வழி வேண்டும். கறுப்பு அந்த வழி. நான் தெளிவாகத்தான் சொல்கிறேன்.

அம்மாபேட்டை உணவியலாளர்:
சர்க்கரை நோயாளிகள் பயமின்றிச் சாப்பிடலாம் என்று எழுதியதை எடுப்பீர்களா, மாட்டீர்களா? மூன்றாவது முறை கேட்கிறேன்.

ஏற்காட்டுச் சாரல்:
அளவோடு என்று சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். இயற்கையானது எதுவும் கெடுதல் செய்யாது. நம் சேலத்து ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் மண்ணின் பொருள்களுக்கு அப்படி ஒரு மதிப்பு இருக்கிறது.

அம்மாபேட்டை உணவியலாளர்:
அந்தக் குறியீடு ஒரு பொருள் எந்த ஊரைச் சேர்ந்தது என்று சொல்கிறது. உடம்புக்கு நல்லதா என்று சொல்வதில்லை. ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து, பெரும்பாலும் வெறும் மாவுச்சத்துதான். அதையும் சர்க்கரை நோயாளிக்குச் சிபாரிசு செய்யப் போகிறீர்களா?

கோரிமேடு வாசி:
அடுத்து மலை ஜவ்வரிசி வரும், காத்திருங்கள்.

கவுந்தப்பாடிக்காரன்:
ஜவ்வரிசி வரைக்கும் வந்துவிட்டார்கள். நாட்டுச் சர்க்கரை என்று நான் சொன்னதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

காமலாபுரத்தான்:
நாட்டுச் சர்க்கரையும் அதே கரும்பு, அதே பாகு, தம்பி. உருண்டை பிடிக்காமல் கிளறித் தூளாக்கியது. அதிலும் கறுப்பு, மஞ்சள் இரண்டும் உண்டு. அங்கேயும் நிறத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் முதலிலிருந்து ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறேன்: நிறம் சுத்தத்தைக் காட்டாது.

செவ்வாய்ப்பேட்டை மண்டி:
ஒரே விஷயத்தைச் சொல்வதாக இருந்தால் மண்டியை ஏன் இழுத்தீர்கள்? விலையைக் குறைத்தார்கள், முகத்தைச் சுளித்தார்கள் என்று பொதுவில் எழுதிவிட்டுப் போக விடமாட்டேன். சிப்பம் 30 கிலோ என்று கொண்டுவந்து, உள்ளே எடை குறைவாக வைத்தவர்களைப் பற்றியும் பேசலாமா?

காமலாபுரத்தான்:
தாராளமாகப் பேசுங்கள். எடை குறைந்த சிப்பம் எந்த ஆலையிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எங்கள் ஆலைப் பெயர் அதில் இருந்தால் மண்டிக்கே நேரில் வருகிறேன், தராசோடு வருகிறேன்.

செவ்வாய்ப்பேட்டை மண்டி:
வாருங்கள். வரும்போது எல்லாச் சிப்பத்தையும் கொண்டுவாருங்கள், முன்வரிசையில் அடுக்கும் பளிச்சென்ற சரக்கையும் சேர்த்து.