நியூயார்க்கில் ஹைட்ரண்ட் டிக்கெட்: கட்டிவிடலாமா, விசாரணை கேட்கலாமா?

குயின்ஸ்வாசி:
போன வாரம் ராத்திரி இட்லி மாவு வாங்கக் காரை விட்டு இறங்கினேன். பத்தே நிமிடம். திரும்பி வந்தால் வைப்பரில் ஆரஞ்சு உறை செருகியிருக்கிறது. ஹைட்ரண்ட் (தெருவோரத் தீயணைப்புக் குழாய்) பக்கம் நிறுத்தியதற்கு 115 டாலர்! குப்பைப் பைகள் குவிந்து கிடந்ததில் ஹைட்ரண்ட் கண்ணிலேயே படவில்லை, ஓரத்தில் பெயிண்டும் கிடையாது. டிக்கெட் போடுவதும் நகர நிர்வாகம், விசாரிப்பதும் நகர நிர்வாகமாம். இதில் என்ன நியாயம் கிடைக்கும்? நேரே கோர்ட்டுக்குப் போக முடியாதா?

பழைய_டிரைவர்:
முதலில் பணம் கட்டாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். 30 நாளுக்குள் 'குற்றமில்லை' என்று பதிவு செய்யுங்கள், ஆன்லைனிலேயே முடியும்.

ஒருகாலத்தில் இதெல்லாம் குற்றவியல் கோர்ட்டில்தான் நடந்தது. 1970இல் பார்க்கிங் மீறலைக் குற்றக் கணக்கிலிருந்து எடுத்து நிர்வாக விசாரணைக்கு மாற்றினார்கள். அங்கே உட்காருகிறவர் நிர்வாகச் சட்ட நீதிபதி. வக்கீல்தான், ஆனால் சம்பளம் நகரம் கொடுப்பது. அதனால் உங்கள் சந்தேகத்தைத் தப்பென்று சொல்ல மாட்டேன். இன்னொன்று: டிக்கெட் எழுதியவர் வந்து சாட்சி சொல்லத் தேவையில்லை. அந்தத் தாளே சாட்சி, அதை உடைக்கவேண்டியது உங்கள் பொறுப்பு.

குப்பைப் பை, பெயிண்ட் இரண்டும் எடுபடாது. ஹைட்ரண்டிலிருந்து இரு பக்கமும் 15 அடி விடவேண்டும், கோடு போட்டிருந்தாலும் போடாவிட்டாலும். டேப் வைத்து அளந்தீர்களா?

குயின்ஸ்வாசி:
இப்போதுதான் அளந்து வந்தேன். 12 அடி. போச்சு.

பழைய_டிரைவர்:
சரி, அப்புறம் டிக்கெட்டை எழுத்துக்கெழுத்துப் படியுங்கள். நம்பர் பிளேட், பிளேட் வகை, அதன் காலாவதித் தேதி, கார் தயாரிப்பு, உடல் வகை (செடானா, எஸ்யூவியா என்பது), இடம், நேரம், எந்த மீறல் என்பது எல்லாம் சரியாக இருக்கவேண்டும் என்று மாநில வாகனப் போக்குவரத்துச் சட்டத்தின் 238ஆம் பிரிவு சொல்கிறது. இவற்றில் ஒன்று விட்டுப்போனாலோ தப்பாக இருந்தாலோ, நீங்கள் கேட்டால் தள்ளுபடி செய்தாகவேண்டும். ஆனால் நீங்கள்தான் கேட்கவேண்டும், அவர்களாகப் பார்த்துத் தரமாட்டார்கள்.

ஜெர்சி_மாமா:
தம்பி, இந்தக் கணக்கையும் பார்த்துக்கோ. 30 நாள் தாண்டினால் 10 டாலர் ஏறும், 60 தாண்டினால் இன்னும் 20, 90 தாண்டினால் இன்னும் 30. அதற்கும் மேல் விட்டால் தீர்ப்பாகி வட்டி ஓடும். அப்படித் தீர்ப்பான பாக்கி 350 டாலரைத் தாண்டினால் சக்கரத்தில் பூட்டுதான்.

கோர்ட் கேட்டாயே, அதுவும் உண்டு. விசாரணையில் தோற்றால் 30 நாளுக்குள் அங்கேயே அப்பீல், அதிலும் தோற்றால் ஆர்ட்டிகிள் 78 மனு, அதாவது அரசு அலுவலகத்தின் முடிவு சரியா என்று கோர்ட்டைப் பார்க்கச் சொல்வது. அது போவது மாநில சுப்ரீம் கோர்ட்டுக்கு. பேரைக் கேட்டு மிரளாதே, நியூயார்க்கில் சுப்ரீம் கோர்ட் என்றால் கீழ்க்கோர்ட்தான்! ஆனால் வழக்கு நம்பர் வாங்கவே 210 டாலர், நீதிபதி கையில் போக இன்னும் 95. 115 டாலருக்காக யார் போவார்கள்?

குயின்ஸ்வாசி:
பழைய_டிரைவர் அண்ணா, ஒன்று மாட்டியது! என் கார் எஸ்யூவி. ரிஜிஸ்ட்ரேஷனில் உடல் வகை 'எஸ்யுபிஎன்' (எஸ்யூவிக்குப் போடும் குறியீடு) என்று இருக்கிறது, டிக்கெட்டில் '4டிஎஸ்டி', அதாவது நாலு கதவு செடான். இது போதுமா?

பழைய_டிரைவர்:
போதும், அதை மட்டும் எழுதுங்கள். ரிஜிஸ்ட்ரேஷன் படம், காரின் பக்கவாட்டுப் படம், டிக்கெட்டின் இரு பக்கமும் சேர்த்து அனுப்புங்கள். குப்பைப் பைக் கதை வேண்டாம், அதைச் சொல்லப்போய் அங்கே நிறுத்தியதை நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும்.

குயின்ஸ்வாசி:
அனுப்பியாச்சு, நாலே வரி. 12 அடியில் நிறுத்திவிட்டு எழுத்துப்பிழையில் தப்பிப்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

ஜெர்சி_மாமா:
உறுத்தட்டும். அடுத்த தடவை மாவு வாங்கப் போகும்போது நடந்து போ.

குயின்ஸ்வாசி (மூன்று வாரம் கழித்து):
மெயில் வந்தது. தள்ளுபடி. காரணம்: வாகன உடல் வகை தவறு.