அப்பாவுக்கு 72, அம்மாவுக்கு 66. எந்த காப்பீடு எடுக்கறது? (குடியாத்தம்)

நெல்லூர்பேட்டை பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க குடியாத்தம். அப்பா ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில ரொம்ப வருஷம் வேலை செஞ்சு 58ல ரிட்டயர்டு ஆனவர், இப்ப 72. அம்மாவுக்கு 66, சின்ன வயசுல இருந்து பீடி சுத்தினவங்க, கண்ணு சரியா தெரியலன்னு இப்பதான் விட்டாங்க. அப்பாவுக்கு சுகர் பிபி ரெண்டும் இருக்கு, கொஞ்ச நாளா நடந்தா மூச்சு வாங்குது, எக்கோ எடுத்து பார்த்துட்டு ஆஞ்சியோ பண்ணணும், அடைப்பு இருந்தா ஸ்டென்ட் வைக்க வேண்டி வரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. கையில எந்த காப்பீட்டு அட்டையும் இல்ல, எனக்கு பயமா இருக்கு.

தெரிஞ்ச ஏஜென்ட் ஒருத்தர் தினமும் போன் பண்றாரு, ரெண்டு பேருக்கும் சேர்த்து வருஷத்துக்கு அறுபதாயிரத்துக்கு மேல வரும், இப்ப போடலன்னா அப்பறம் இந்த வயசுக்கு யாரும் தரமாட்டாங்கன்னு சொல்றாரு. இன்னொருத்தர் முதலமைச்சர் காப்பீடு போதும்ங்கறாரு. 70 வயசுக்கு மேல எல்லாருக்கும் சென்ட்ரல் கவர்மென்ட் கார்டு இருக்குன்னு டிவியில பார்த்தேன், அது வேற இது வேறயா, ரெண்டும் வாங்கலாமா?

இன்னொரு சிக்கல். ரேஷன் கார்டுல அப்பா அம்மா கூட எங்க அண்ணன் பேரும் இருக்கு. அவன் கல்யாணம் ஆகி சென்னையில செட்டில் ஆகிட்டான், நல்ல சம்பளம். அதனால வருமானச் சான்று கிடைக்காதுன்னு சொல்றாங்க. தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.

கவுண்டர் பாலாறு:

தங்கச்சி, நான் ஒரு ஆஸ்பத்திரியில காப்பீட்டு கவுண்டர்ல வேலை செஞ்சவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல அப்பா. 70 வயசு தாண்டினவங்களுக்கு ஆயுஷ்மான் வய வந்தனா கார்டு, 2024 அக்டோபர் 29ல ஆரம்பிச்சது. இதுக்கு வருமான வரம்பு கிடையாது, ரேஷன் கார்டு தேவையில்ல, ஆதார்ல 70 வயசு முடிஞ்சிருந்தா போதும், பணக்காரர் ஏழைன்னு பார்க்கமாட்டாங்க. வருஷத்துக்கு 5 லட்சம். சுகர் பிபி ஹார்ட்டு ஏற்கனவே இருக்குன்னு தள்ளமாட்டாங்க, காத்திருப்பு காலம்னு எதுவும் இல்ல. ஒரே குடும்பத்துல 70 தாண்டினவங்க ரெண்டு பேர் இருந்தா அந்த 5 லட்சம் ரெண்டு பேருக்கும் பொது. உங்க அம்மாவுக்கு இன்னும் நாலு வருஷம் ஆகணும், அதனால இப்ப இது அப்பாவுக்கு மட்டும்தான். போன்ல ஆயுஷ்மான் ஆப் இருக்கு, அதுலயே நீங்களே போடலாம், சந்தேகம்னா 14555க்கு பேசுங்க.

அடுத்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். நம்ம ஜனங்க இன்னும் கலைஞர் காப்பீடுன்னுதான் சொல்லுவாங்க, 2009ல அந்த பேர்ல வந்தது, 2012ல பேர் மாறிச்சு, அப்பறம் 2018ல வந்த மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத்தோட சேர்த்துட்டாங்க. இதுக்கு குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். வயசு வரம்பு கிடையாது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். விஏஓ கிட்ட வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துகினு வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற காப்பீட்டு மையத்துக்கு அப்பா அம்மா ரெண்டு பேரையும் நேர்ல கூட்டினு போங்க. அம்மாவுக்கு இதுதான் முக்கியமான கார்டு.

அண்ணன் விஷயம். அவர் நிஜமா தனிக்குடித்தனம்தானே, அப்ப அவர் பேரை இந்த கார்டுல இருந்து நீக்கிட்டு சென்னை விலாசத்துல அவர் குடும்பத்துக்கு புது கார்டு வாங்கறதுதான் முறை. இ-சேவையில பண்ணலாம், இழுத்தடிச்சா வட்ட வழங்கல் ஆபீஸ்ல போய் கேளுங்க. பேர் நீங்கின அப்பறம் அப்பா அம்மா வருமானத்தை மட்டும் காட்டி சான்று கேளுங்க. ஒரே வீட்ல ஒரே சமையல்ல இருந்துகினு கார்டுக்காக பிரிச்சு காட்டறவங்களும் இருக்காங்க, அந்த வழிக்கு போகாதீங்க, உங்களுக்கு அது தேவையும் இல்ல.

கவுண்டர்ல நான் பார்த்ததுல ஜனங்க மாட்டிகினது எல்லாம் ஒரே இடத்துலதான். நெஞ்சு வலின்னு ராத்திரி கொண்டாந்து சேர்த்துடுவாங்க, மறுநாள் கார்டு எடுத்து நீட்டுவாங்க, ரேஷன் கார்டுல ‘கோவிந்தசாமி’ன்னு இருக்கும், ஆதார்ல ‘கோவிந்தன்’னு இருக்கும், ஆதார்ல கொடுத்த போன் நம்பர் எப்பவோ செத்துப்போன சிம்மா இருக்கும், ஓடிபி வராது. பெரியவர் ஐசியூல, ரேகை எடுக்கறதுக்கு வெளிய கூட்டியாற முடியாது, மகன் வாசல்ல நின்னு அழுதுகினு இருப்பான். அதனால எந்த திட்டம் பெருசுன்னு யோசிச்சுகினு இருக்கற நேரத்துல ரெண்டு கார்டுக்கும் அப்ளை பண்ணிடுங்க. அதுக்கு முன்னாடி ஆதார், ரேஷன் ரெண்டுலயும் பேர், பொறந்த தேதி, போன் நம்பர் ஒத்துப்போகுதான்னு பாருங்க.

இன்னொண்ணும் புரிஞ்சுக்கணும். 5 லட்சம்ங்கறது வருஷத்துக்கான உச்சவரம்பு, கையில தர்ற பணம் இல்ல. ஸ்டென்ட் வைக்க இவ்ளோ, பைபாஸுக்கு இவ்ளோ, டயாலிசிஸுக்கு இவ்ளோன்னு ஒவ்வொண்ணுக்கும் பேக்கேஜ் ரேட் இருக்கு. அட்மிட் ஆகும்போதே கார்டு காட்டி அனுமதி வாங்கணும், நம்ம காசு கட்டிட்டு அப்பறம் பில்லை கொடுத்து திருப்பி வாங்கலாம்னு நினைக்காதீங்க. ஒரு ஆஸ்பத்திரி லிஸ்ட்ல இருந்தாலும் எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் இருக்காது, கண்ணுக்கு இருக்கும் ஹார்ட்டுக்கு இருக்காது. எந்த ஆஸ்பத்திரிக்கு போறதா இருந்தாலும் முதல்ல அங்க காப்பீட்டு கவுண்டர்ல கார்டை காட்டி ‘ஆஞ்சியோ, ஸ்டென்ட்டுக்கு இந்த கார்டு இங்க செல்லுமா’ன்னு இதே வார்த்தையில கேளுங்க. கார்டுல எடுத்துகினு மேல காசு கேட்டாங்கன்னா 1800 425 3993ல புகார் பண்ணுங்க, டோல் ஃப்ரீ.

ஆம்பூர் தோல்பதனிடும் தெரு:

அக்கா, அப்பா ஷூ கம்பெனியில இருந்தவர்னு சொன்னீங்களே, சம்பளத்துல இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிச்சாங்களா? இதை நம்ம பக்கத்துல யாரும் சொல்றதே இல்ல, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில ஆயிரக்கணக்கான பேர் இஎஸ்ஐ கட்டி ரிட்டயர்டு ஆகிட்டு சும்மா உட்கார்ந்திருக்காங்க. குறைஞ்சது 5 வருஷம் இஎஸ்ஐல இருந்து வயசு முடிஞ்சு ரிட்டயர்டு ஆனவங்க வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் இஎஸ்ஐ வைத்தியம் உண்டு. மாசக்கணக்கு பார்த்தா 10 ரூபாய்தான்.

இதுல பெரிய லாபம் என்னன்னா தினசரி மாத்திரை. முதலமைச்சர் காப்பீட்டுல ஓபியில எழுதித்தர்ற சுகர் மாத்திரை, பிபி மாத்திரைக்கு எல்லாம் கிடையாது, இஎஸ்ஐ டிஸ்பென்சரியில கொடுப்பாங்க. வேலூர்ல இஎஸ்ஐ ஆஸ்பத்திரியே இருக்கு. அப்பாவோட பழைய இஎஸ்ஐ நம்பர், கம்பெனியில கொடுத்த ரிலீவிங் லெட்டர் எடுத்துகினு இஎஸ்ஐ கிளை ஆபீஸ்ல கேளுங்க. லெட்டர் தொலைஞ்சிருந்தா கம்பெனி ஹெச்ஆர்ல போய் நில்லுங்க, ரெக்கார்டு இருக்கும். இஎஸ்ஐ இருந்தாலும் 70 வயசு கார்டு வாங்கலாம், ஒண்ணு இருந்தா இன்னொண்ணு கிடையாதுன்னு இல்ல.

(எங்கள மாதிரி ஆம்பூர், வாணியம்பாடிக்காரங்களுக்கு ஒரு வார்த்தை, 2019ல மாவட்டம் பிரிஞ்ச அப்பறம் நமக்கு காப்பீட்டு மையம் திருப்பத்தூர் கலெக்டர் ஆபீஸ், ஆற்காடு, வாலாஜாக்காரங்களுக்கு ராணிப்பேட்டை. பழக்கத்துல சத்துவாச்சாரிக்கு பஸ் ஏறிடாதீங்க.)

கம்மவான்பேட்டை பட்டாளம்:

நான் எக்ஸ் சர்வீஸ்மேன். நம்ம பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துல இருந்தவங்க, அதனால சொல்றேன். இசிஹெச்எஸ் (எக்ஸ் சர்வீஸ்மேனுக்கான வைத்தியத் திட்டம்) இருக்கறவங்க 70 வயசு கார்டுக்கு அவசரப்பட்டு ஓடாதீங்க. அவங்களுக்கு ரெண்டுல ஒண்ணுதான், சிஜிஹெச்எஸ் (சென்ட்ரல் கவர்மென்ட் ஊழியர், பென்ஷன்காரங்க திட்டம்) இருக்கறவங்களுக்கும் அதே ரூல். இசிஹெச்எஸ்ல ஓபி மாத்திரையும் பாலிகிளினிக்ல கிடைக்குது, அதை விட்டுட்டு வர்றது எனக்கு சரியா படல. தங்கச்சி வீட்டுக்கு இது பொருந்தாது, படிக்கற மத்தவங்களுக்காக போட்டேன்.

காட்பாடி ஓய்வு ஆசிரியை:

அந்த ஏஜென்ட் விஷயத்தை யாரும் தொடல, நான் சொல்றேன் மா. இந்த வயசுக்கு மேல யாரும் தரமாட்டாங்கங்கறது இப்ப உண்மை இல்ல. 65 வயசு வரம்பை 2024 ஏப்ரல்ல இருந்து ஐஆர்டிஏஐ (காப்பீட்டு கம்பெனிகளை கண்காணிக்கற அமைப்பு) எடுத்துட்டாங்க. ஆனா தனியார் பாலிசியில ஏற்கனவே இருக்கற நோய்க்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருப்பு காலம் வைக்கலாம். அப்பாவுக்கு இப்ப ஆஞ்சியோ சொல்லிட்டாங்க, இனிமே பாலிசி போட்டு அந்த ஹார்ட்டுக்கே க்ளைம் வாங்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதே. சுகர் இருக்கறதை எழுத வேணாம், நான் பார்த்துக்கறேன்னு சொல்ற ஏஜென்ட்டும் இருக்காங்க. மறைச்சா க்ளைம் சமயத்துல பழைய சீட்டு ஒண்ணை எடுத்துப்போட்டு ரிஜெக்ட் பண்ணுவாங்க, கட்டின பணமும் போச்சு.

அம்மாவுக்கு பெருசா நோய் இல்லன்னா அவங்களுக்கு மட்டும் ஒரு பாலிசி யோசிக்கலாம், அதுவும் அண்ணன் பிரீமியம் கட்டறேன்னு சொன்னா. வாங்கறதுக்கு முன்னாடி கோ-பே (பில்லுல நாம கட்டவேண்டிய பங்கு) எத்தனை சதவீதம், ரூம் வாடகைக்கு வரம்பு இருக்கா, வருஷா வருஷம் எவ்ளோ ஏறும்னு கேளு. சீனியர் சிட்டிசன் பிரீமியத்தை வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல ஏத்தணும்னா ஐஆர்டிஏஐய கலந்துக்கணும்னு 2025ல ரூல் வந்திருக்கு. 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்ல. அந்த அறுபதாயிரம் கோட்டேஷன் எப்ப போட்டதுன்னு பாரு, ஜிஎஸ்டி சேர்த்து சொல்லிகினு இருக்கப்போறார்.

எங்கள மாதிரி ஸ்டேட் பென்ஷன்காரங்களுக்கு தனி திட்டம், பென்ஷன்லயே பிடிச்சிடுவாங்க. 2022 ஜூலையில ஆரம்பிச்சதுல மாசம் 497 ரூபாய், அதுல 5 லட்சம்ங்கறது நாலு வருஷத்துக்கு சேர்த்து. உன் அப்பா கார்டுல வருஷத்துக்கே 5 லட்சம், அதை லேசா நினைக்காதே.

மாத்திரைக்கு இன்னொரு வழி, மக்களைத் தேடி மருத்துவம். உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் பதிஞ்சா சுகர் பிபி மாத்திரை வீட்டுக்கே கொண்டாந்து தருவாங்க.

நெல்லூர்பேட்டை பொண்ணு:

ரொம்ப நன்றி எல்லாருக்கும், படிக்கும்போதே பாதி பாரம் இறங்கின மாதிரி இருக்கு. இஎஸ்ஐ நம்பர் இருக்கான்னு அப்பாவ கேட்டேன், ட்ரங்க் பெட்டியில இருந்து பழைய கார்டு எடுத்து கொடுத்தாரு, பத்திரமா வச்சிருக்காரு மனுஷன்!

ரெண்டு சந்தேகம். அம்மாவுக்கு பீடி சுத்தி சுத்தி விரல் ரேகையே தேய்ஞ்சு போச்சு, ரேஷன் கடையிலயே மெஷின் எடுக்காது, காப்பீட்டு மையத்துல என்ன பண்றது? அப்பா ஆதார்ல பொறந்த வருஷம் 1957ன்னு தப்பா இருக்கு. பள்ளிக்கூட டிசியில 1953. அப்ப 70 வயசு கார்டு கிடைக்காதா?

கவுண்டர் பாலாறு:

அம்மாவுக்கு பயப்படாதீங்க, பீடி சுத்தினவங்க, கல்லு உடைச்சவங்க எல்லாருக்கும் இந்த பிரச்னை உண்டு. ஆதாரோட போன் நம்பர் இணைஞ்சிருந்தா ஓடிபி, இல்லன்னா கண்ணு கருவிழி. ஆயுஷ்மான் ஆப்ல முகத்தை வச்சே சரிபார்க்கலாம். முதல்ல போஸ்ட் ஆபீஸ் இல்லன்னா ஆதார் மையத்துல அம்மா ஆதாருக்கு உங்க வீட்ல ஓடற நம்பரை சேர்த்துடுங்க, மத்ததெல்லாம் லேசாயிடும்.

அப்பா விஷயம்தான் அவசரம். 1957ன்னு இருக்கற வரைக்கும் 70 வயசு கார்டு வராது, அவங்க ஆதாரை மட்டும்தான் பார்ப்பாங்க. ஆதார் மையத்துல பிறந்த தேதி திருத்தம் கேளுங்க, டிசியோட பான், பாஸ்போர்ட்னு 1953 போட்ட வேற எது இருந்தாலும் எடுத்துனு போங்க, எதை ஏத்துக்கறாங்கன்னு அங்க கேட்டுட்டு கொடுங்க. பிறந்த தேதியை ஒரு தடவைதான் மாத்த விடுவாங்க, அதனால தேதி மாசம் வருஷம் மூணையும் டிசியில இருக்கற மாதிரியே போட்டிருக்காங்களான்னு ஸ்க்ரீன்ல பார்த்துட்டு ஓகே சொல்லுங்க. இஎஸ்ஐ ரெக்கார்டுல என்ன தேதி இருக்குன்னும் பாருங்க.

இது முடியறதுக்காக ஆஞ்சியோவை தள்ளிப்போடாதீங்க தங்கச்சி. இந்த வாரமே அடுக்கம்பாறை கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ்ல ஹார்ட்டு ஓபில எக்கோ ரிப்போர்ட்டோட காட்டுங்க, கார்டு இல்லன்னு திருப்பி அனுப்பமாட்டாங்க. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு வந்ததும் அங்கேயும் கொடுங்க, கவர்மென்ட் ஆஸ்பத்திரியில கார்டு காட்டினா அந்த க்ளைம் பணம் ஆஸ்பத்திரிக்கே போய் சேரும், மெஷின் சாமான் வாங்க உதவும். அண்ணன் பேரை நீக்கற வேலையை அண்ணனையே ஆன்லைன்ல பண்ண சொல்லுங்க, நீங்க அலைய வேணாம்.

நெல்லூர்பேட்டை பொண்ணு:

சரிங்கண்ணா. அண்ணனுக்கு போன் போட்டுட்டேன், இன்னைக்கே அப்ளை பண்றேன்னு சொல்லிட்டான். திங்கக்கிழமை காலையில அப்பாவ அடுக்கம்பாறை கூட்டினு போறேன், ஆதார் மையத்துக்கு மறுநாள்.