பெனால்டி ஷூட் அவுட் வருவதற்கு முன்னால் டிரா ஆன கால்பந்து ஆட்டங்களை எப்படி முடித்தார்கள்?

இடது விங்:
பழைய யூரோ கோப்பை முடிவுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1968 அரையிறுதியில் இத்தாலி 0, சோவியத் யூனியன் 0 என்று இருக்கிறது. பெனால்டி கணக்கு எதுவும் காணோம். ஆனால் இறுதிப் போட்டியில் இத்தாலி ஆடியிருக்கிறது. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, கீழே பொடி எழுத்தில் "நாணயம் சுண்டி" என்று ஒரு வரி. ஓர் அரையிறுதியையே பூவா தலையா போட்டு முடித்துவிட்டார்களா? உலகக் கோப்பையிலும் இதே கதைதானா? டிரா ஆனால் இரு அணியும் மாறி மாறிப் பெனால்டி உதைத்து முடிவு காணும் ஷூட் அவுட் எப்போதிலிருந்து வந்தது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கார்னர் கொடி:
ஆமாம், நாணயம்தான். ஷூட் அவுட்டைக் கால்பந்து விதிகளை வகுக்கும் வாரியம் ஏற்றுக்கொண்டது 1970 ஜூனில். தகுதிச் சுற்றைத் தாண்டிய உலகக் கோப்பைப் போட்டியில் அது முதன்முதலாக நடந்தது 1982-ல், செவில்யா நகரில். மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ் அரையிறுதி 3-3; ஷூட் அவுட்டில் 5-4 என்று ஜெர்மனி ஜெயித்தது. மற்றதைப் பழைய ஸ்கோர்ஷீட் வந்து சொல்வார். இந்த மாதிரிக் கேள்வியைப் பார்த்தால் மனுஷன் சும்மா இருக்க மாட்டார்.

பழைய ஸ்கோர்ஷீட்:
பேரைச் சொல்லி இழுத்துவிட்டார், வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 1968 ஆட்டம். ஜூன் 5, நேப்பிள்ஸ். இத்தாலியின் ரிவேரா ஆரம்பத்திலேயே அடிபட்டுவிட்டார், மாற்று ஆள் இறக்கும் வழக்கம் அப்போது அங்கே கிடையாது. கூடுதல் நேரம் முடிந்தும் 0-0. நடு மைதானத்தில் எல்லார் கண் முன்னாலும் நாணயத்தைச் சுண்டியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நடுவர் இரண்டு கேப்டன்களையும், அதாவது இத்தாலியின் ஃபக்கெட்டியையும் சோவியத்தின் ஷெஸ்டர்னியோவையும், உடைமாற்றும் அறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டார். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஃபக்கெட்டி பூ கேட்டார், பூ விழுந்தது. அவர் துள்ளிக்கொண்டு வெளியே ஓடிவந்ததைப் பார்த்துத்தான் ஜனங்களுக்கு முடிவே தெரிந்தது.

மூன்று நாள் கழித்து ரோமில் யூகோஸ்லாவியாவுடன் இறுதிப் போட்டி. அதுவும் 1-1. ஆனால் இறுதிப் போட்டிக்கு நாணயம் கிடையாது, மறு ஆட்டம். ஜூன் 10 அன்று ரீவாவும் அனஸ்டாசியும் ஆளுக்கொரு கோல் போட, 2-0 என்று இத்தாலி கோப்பையை வாங்கியது. அரையிறுதிக்கு ஒரு நியாயம், இறுதிக்கு வேறு நியாயம்.

உலகக் கோப்பையின் தொடக்க காலத்தில் மறு ஆட்டம்தான் வழி. கேட்க நியாயமாக இருக்கும், ஆட்டக்காரர்களின் காலைக் கேட்டால் வேறு கதை சொல்லும். 1934-ல் இத்தாலி, ஸ்பெயின் காலிறுதி ஃபுளோரன்ஸில் மே 31 அன்று 1-1. மறுநாளே மறு ஆட்டம்! ஸ்பெயினின் புகழ்பெற்ற கோல்கீப்பர் ஸமோரா காயத்தால் இறங்க முடியவில்லை. மெயாட்ஸாவின் ஒரே கோலில் இத்தாலி ஜெயித்தது. ஜூன் 3 அன்று அதே இத்தாலி மிலானில் ஆஸ்திரியாவுடன் அரையிறுதி ஆடியது. நான்கு நாளில் மூன்று ஆட்டம். இன்றைக்கு எந்தப் பயிற்சியாளராவது ஒப்புக்கொள்வாரா?

எனக்கு மிகவும் பிடித்த கதை 1954 தகுதிச் சுற்றுதான். ஸ்பெயினும் துருக்கியும். மாட்ரிட்டில் ஸ்பெயின் 4-1, இஸ்தான்புல்லில் துருக்கி 1-0. இன்றைய கணக்குப்படி ஸ்பெயின் அலட்டிக்கொள்ளாமல் உள்ளே போயிருக்கும். அப்போது கோல் வித்தியாசம் பார்ப்பதில்லை. ஆளுக்கொரு வெற்றி, அவ்வளவுதான். மூன்றாவது ஆட்டம் ரோமில், அதுவும் கூடுதல் நேரத்தோடு 2-2. கடைசியில் ஒரு சிறுவனின் கண்ணைக் கட்டிச் சீட்டு எடுக்கச் சொன்னார்கள். துருக்கி என்று வந்தது.

வேடிக்கை இத்தோடு முடியவில்லை. ஸ்பெயின்தான் வரும் என்று நினைத்து, பிரிவுகளில் யார் யார் முன்னணி அணி என்பதை அமைப்பாளர்கள் முன்பே முடிவு செய்துவிட்டார்கள். அந்த மரியாதை அப்படியே துருக்கிக்குப் போனது. ஒரு பிரிவுக்கு இரண்டு முன்னணி அணிகள்; அவை இரண்டும் பிரிவுக்குள் மோத வேண்டாம் என்பது அந்த வருஷத்து விதி. அதனால் அதே பிரிவின் இன்னொரு முன்னணி அணியான ஹங்கேரியிடம் துருக்கி தப்பித்தது, முன்னணி அணி அல்லாத மேற்கு ஜெர்மனி ஹங்கேரியிடம் 3-8 என்று உதை வாங்கியது. ஆனால் ஜெர்மனி துருக்கியை முதலில் 4-1, பிறகு பிரிவில் புள்ளிகள் சமமானதால் நடந்த கூடுதல் ஆட்டத்தில் 7-2 என்று அடித்து மேலே ஏறியது. அப்புறம் பெர்ன் நகரில் அதே ஹங்கேரியை 3-2 என்று வீழ்த்திக் கோப்பை. அந்த இடத்தில் துருக்கிக்குப் பதில் ஸ்பெயின் நின்றிருந்தால் ஜெர்மனி இரண்டு தடவை இப்படி விளையாட்டாக அடித்திருக்குமா என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஷூட் அவுட்டுக்கு விதை 1968 ஒலிம்பிக்கில் விழுந்தது. காலிறுதியில் இஸ்ரேலும் பல்கேரியாவும் 1-1, சீட்டு பல்கேரியாவுக்கு விழுந்தது. அவர்கள் வெள்ளிப் பதக்கம் வரை போனார்கள். வயிற்றெரிச்சலோடு திரும்பிய இஸ்ரேல் தரப்பிலிருந்து யோசேஃப் டகான் என்பவர் மாற்று வழியாகப் பெனால்டி யோசனையை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவிடம் கொண்டுபோனார். 1970-ல் அது விதியானது.

இன்னொரு ஜோடியையும் சொல்லிவிடுகிறேன். 1970 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் மொராக்கோவும் துனிசியாவும் 0-0, 0-0, மார்செய் நகரில் மூன்றாவது ஆட்டம் 2-2. நாணயம் மொராக்கோ பக்கம் விழ, அவர்கள் மெக்சிகோ போனார்கள். 1977-ல் அதே இரு அணிகள் மறுபடியும் சமநிலை. இந்தத் தடவை ஷூட் அவுட், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அதுதான் முதல். துனிசியா ஜெயித்து, 1978-ல் மெக்சிகோவை 3-1 என்று அடித்தது. உலகக் கோப்பையில் ஓர் ஆப்பிரிக்க அணியின் முதல் வெற்றி அது.

இடது விங்:
அருமை, ரொம்ப நன்றி ஐயா. அப்படியானால் 1970-க்குப் பிறகு சீட்டும் நாணயமும் ஒழிந்துவிட்டன, சரியா?

பழைய ஸ்கோர்ஷீட்:
எங்கே ஒழிந்தது? தோற்றால் வெளியே என்கிற நாக் அவுட்டில்தான் போனது. உலகக் கோப்பைப் பிரிவுச் சுற்றில் எல்லாம் சமமாக இருந்தால் 2022 வரை கடைசி வழி குலுக்கல்தான். 1990-ல் அயர்லாந்தும் நெதர்லாந்தும் மூன்று ஆட்டத்தையும் டிரா செய்தன, போட்டதும் 2, வாங்கியதும் 2. சீட்டில் அயர்லாந்துக்கு இரண்டாம் இடம், எதிராளி ருமேனியா; ஷூட் அவுட்டில் வென்று காலிறுதி போனார்கள். நெதர்லாந்துக்கு மூன்றாம் இடம், எதிரே மேற்கு ஜெர்மனி. 1-2 என்று வீட்டுக்கு. ஆனாலும் அங்கே இருவருமே அடுத்த சுற்றுக்குப் போனார்கள். 2015 ஆப்பிரிக்கக் கோப்பையில்தான் பாவம், கினியாவும் மாலியும் மூன்று ஆட்டமும் 1-1. குலுக்கலில் கினியா உள்ளே, மாலி மூட்டை கட்டியது.

சைடு பெஞ்ச்:
அதனால்தானே மஞ்சள் அட்டைக் கணக்கைக் கொண்டுவந்தார்கள்? 2018-ல் ஜப்பான், செனகல் இரண்டுக்கும் 4 புள்ளி, 4 கோல் போட்டு 4 வாங்கியிருந்தார்கள், நேருக்கு நேர் 2-2. ஜப்பானுக்கு 4 மஞ்சள், செனகலுக்கு 6; குறைவாக வாங்கிய ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது. சீட்டைவிட இது எவ்வளவோ மேல். ஒழுங்காக ஆடியவனுக்குப் பலன்.

பழைய ஸ்கோர்ஷீட்:
இதில் எனக்கு உடன்பாடு இல்லை நண்பரே. அன்றைக்கு ஜப்பான், போலந்து ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிஷத்தைப் பார்த்தீர்களா? ஜப்பான் 0-1 என்று தோற்றுக்கொண்டிருக்கிறது. அடுத்த மைதானத்தில் கொலம்பியா செனகலை 1-0 என்று முந்திவிட்டது என்று செய்தி வந்ததும், பந்தைத் தங்களுக்குள்ளேயே பின்னால் உருட்டிக்கொண்டு நின்றார்கள். மஞ்சள் வாங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான் குறி. போலந்தும் ஜெயிக்கிறோமே என்று வேடிக்கை பார்த்தது. அரங்கம் முழுக்க ஊளை. சீட்டு குருட்டுத்தனமானதுதான், ஆனால் அதை வைத்து யாரும் இப்படி ஆட முடியாது. போதாததற்கு, மஞ்சள் கொடுப்பதும் கொடுக்காததும் நடுவருக்கு நடுவர் மாறும். என்னைக் கேட்டால் சீட்டே தேவலாம்.

சைடு பெஞ்ச்:
மாலிக்காரர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள் ஐயா :)

கார்னர் கொடி:
ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2000-ல் வட, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகளுக்கான கோல்ட் கப். கனடா, கோஸ்டாரிகா, தென் கொரியா இருந்த பிரிவில் எல்லா ஆட்டமும் டிரா. கோஸ்டாரிகா கூடுதல் கோல் போட்டதால் மேலே, கனடாவும் கொரியாவும் எல்லாவற்றிலும் சமம். நாணயம் சுண்டினார்கள், கனடா உள்ளே. அப்புறம் காலிறுதியில் மெக்சிகோவைத் தங்க கோலில் (கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடியும்) 2-1, அரையிறுதியில் டிரினிடாடை 1-0, இறுதியில் கொலம்பியாவை 2-0. பிரிவில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காத அணி கோப்பையோடு ஊருக்குப் போனது.