கிளாஸ் நோமி: என்னைப் பிடித்து நிறுத்திய குரல்

ஜெர்மானியப் பாடகர் கிளாஸ் நோமியை நான் பதிவுகள் வழியாக மட்டுமே அறிவேன். வெள்ளை பூசிய முகம், கறுப்பு உதடுகள், தோளில் அகன்று இடையில் குறுகும் பிளாஸ்டிக் கோட்டு என அவருடைய தோற்றத்தைப் பற்றித்தான் பலரும் பேசுகிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது அவருடைய குரல்.

1944இல் ஜெர்மனியின் பவேரியாவில் பிறந்த அவர், மேற்கு பெர்லினில் ஓப்பரா எனும் இசைநாடகங்கள் நடக்கும் அரங்கில் பார்வையாளர்களை இருக்கைகளில் அமர்த்தும் ஊழியராக இருந்தவர். காட்சி முடிந்தபின் சக ஊழியர்களுக்காக அங்கேயே பாடுவார். பெண்களுக்குரிய மேல்ஸ்தாயியில் பாடும் ஆணுக்கு அன்றைய ஓப்பரா மேடைகளில் இடம் மிகக் குறைவு. பின்னர் நியூயார்க்குக்குப் போய்ப் பேஸ்ட்ரி செய்து பிழைத்துவந்த அவர், 1978இல் ஒரு மாற்றுக் கலை நிகழ்ச்சியில், பங்க் எனும் முரட்டு ராக் இசைக்குப் பழகிய கூட்டத்தின் முன், பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸின் ஓப்பராவில் நாயகி டெலிலா பாடும் பாடலைப் பாடினார். அது ஒலிநாடா அல்ல, அவரே பாடுகிறார் என்று தொகுப்பாளர் அறிவிக்க வேண்டியிருந்தது. எனக்கு அவருடைய வாழ்க்கையின் திறவுகோலே அந்த அறிவிப்புதான்.

1979 டிசம்பரில் பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியுடன் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றினார். போவி அன்று அணிந்த விறைப்பான உடையைக் கண்டுதான் நோமி தமக்கென அந்தப் பிளாஸ்டிக் கோட்டு ஒன்றை அமைத்துக்கொண்டார். 1981, 1982 ஆண்டுகளில் இரண்டு இசைத்தொகுப்புகள் வெளிவந்தன.

என்னை உலுக்கியது 1982இல் மியூனிக்கில் ஆர்க்கெஸ்ட்ராவுடன் அவர் பாடிய பதிவு. எய்ட்ஸ் அப்போதே அவரைப் பற்றியிருந்தது. அவர் பாடியது 1691இல் ஆங்கில இசையமைப்பாளர் பர்செல் அமைத்த பாடல்; அதில், உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட குளிரின் தெய்வம், தன்னை மீண்டும் உறைந்து சாக விடுமாறு வேண்டுகிறது. கனத்த ஆண்குரலுக்காக எழுதப்பட்ட பாடல் அது. ஒவ்வோர் அசையும் பல் கிட்டுவதுபோல் துண்டு துண்டாக நடுங்க, மெட்டு அரைச்சுரம் அரைச்சுரமாக மேலேறும். நோமி அதை மேல்ஸ்தாயியில் எடுத்து, நடுக்கத்தைச் சிறிதும் மிகைப்படுத்தாமல், மூச்சின் கட்டுப்பாட்டாலேயே தாங்கிப் பிடிக்கிறார். அன்று அவர் அணிந்திருந்த பழங்கால அரசவை உடையும் மடிப்புக் காலரும் கண்முன் இருந்தும், நான் குரலை மட்டுமே பின்தொடர்ந்தேன். அடுத்த ஆகஸ்டில், 39ஆம் வயதில், அவர் இறந்தார்.

அவரை வேடிக்கையான வேடதாரியாக நினைவுகூர்வது அநியாயம் என்றே கருதுகிறேன். புதிதாகக் கேட்க விரும்புவோர், அந்த மியூனிக் பதிவைக் காட்சியின்றி முதலில் கேளுங்கள். அதன்பின் படத்தைப் பாருங்கள்.