புதுப்பிப்பு: 180 டாலரை மூன்று கட்டணங்களுக்குப் பிரித்த கணக்கு

அமெரிக்க மருத்துவர் ஒருவரின் 200, 150, 80 டாலர் கட்டணங்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் ஒரே தொகையாக அனுப்பிய 180 டாலரை விகிதப்படி பிரித்துப் பதியலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கூடாது என்பது இப்போது தெளிவாகிவிட்டது.

எதற்கு எவ்வளவு செலுத்தியது என்று காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் மின்னணு விவரமான 835 கோப்பைத் திறந்து பார்த்தபோது, ஒவ்வொரு கட்டணத்திற்கும் செலுத்திய தொகை தனித்தனியே 80, 90, 40 என்று இருந்தது. முதல் கட்டணத்தில் ஒப்பந்தத் தள்ளுபடியாக, அதாவது சிஓ 45 குறியீட்டில், 80 டாலரும், காப்பீடு தரத் தொடங்குமுன் நோயாளியே செலுத்த வேண்டிய டிடக்டிபிளாக, அதாவது பிஆர் 1 குறியீட்டில், 40 டாலரும் கழிக்கப்பட்டிருந்தன. விகிதப்படி பதிந்திருந்தால் இக்கட்டணத்தில் 83.72 டாலர் ஏறி, நோயாளியின் பாக்கி 36.28 டாலராகக் குறைந்திருக்கும். இரண்டாவதில் நிலைமை இன்னும் மோசம்: 60 டாலர் தள்ளுபடி போக மீதி 90 டாலரையும் நிறுவனமே செலுத்தியிருக்க, ஒன்றுமே தரவேண்டாத நோயாளிக்கு 27.21 டாலருக்குப் பில் போயிருக்கும்.

மூன்றையும் கூட்டினால் 210 வருகிறதே, வந்தது 180 தானே என்று அரை நாள் குழம்பினேன். விடை கோப்பின் கடைசியில், நான் வழக்கமாகப் படிக்காமல் விடும் பிஎல்பி பகுதியில், அதாவது தனிக் கட்டணங்களில் அல்லாமல் மொத்தத் தொகையில் செய்த திருத்தங்களைக் காட்டும் இடத்தில், இருந்தது: வேறொரு நோயாளிக்கு முன்பு கூடுதலாகத் தந்த 30 டாலரை நிறுவனம் டபிள்யூஓ குறியீட்டில் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே மூன்று கட்டணங்களிலும் 210 டாலரை முழுமையாகப் பதிந்து, அந்த 30 டாலரை அந்நோயாளியின் கணக்கில் எதிர்மறைத் தொகையாக ஏற்றியதும் வங்கி வரவோடு கணக்கு நேரானது.