சந்தை மரவள்ளி அவியுதில்லை, விராலில் சேற்று மணம்: எங்கே பிழைக்குது?

புதுக்குடித்தனம்:
கிளிநொச்சிச் சந்தையில மரவள்ளிக்கிழங்கு, விரால், கத்தரிக்காய் வாங்கிச் சமைக்கிறன். கிழங்கு ஒரு மணித்தியாலம் அவிச்சும் நடுவில கல்லாக் கிடக்கு. விரால் குழம்பில சேற்று மணம் போகுதில்லை. கத்தரிக்காய்ப் பால்கறி சாம்பல் நிறமாகுது, தேங்காய்ப்பாலும் திரையுது. வாங்கேக்க எதைப் பாக்கோணும்?

பரந்தன் தோட்டம்:
கிழங்கில பிழை அடுப்பில இல்லை, வாங்கினதில. மரவள்ளி கிண்டி இரண்டு மூண்டு நாளில உள்ளுக்க நீலக்கறுப்பு நரம்பு ஓடும். தோல் கீறுப்பட்டது இன்னும் கெதியாக் கறுக்கும். நுனியை முறிச்சுக் காட்டச் சொல்லுங்கோ. டக்கெண்டு முறிஞ்சு பால்வெள்ளையா இருக்கோணும். நார் இழுபட்டா முத்தல். கண்ணாடி மாதிரித் தண்ணித்தன்மையா இருந்தா வாங்காதேங்கோ: ஐப்பசி மழைக்கு மரம் திரும்பத் துளிர்க்கேக்க கிழங்கின்ர மாச்சத்துக் குறைஞ்சிடும். அதை எவ்வளவு அவிச்சாலும் மாப்பிடிக்காது.

வெளித்தோலோட தடிச்ச உள்தோலையும் உரிச்சு, இரண்டு அங்குலத் துண்டா வெட்டி, பிளந்து நடு நரம்பை எடுங்கோ. நிறையத் தண்ணி விட்டு, சட்டியை மூடாமல் அவியுங்கோ. கிழங்கில இருக்கிற சயனைட்டு நஞ்சு ஆவியாப் போகோணும். அவிச்ச தண்ணியையும் ஊத்திவிடுங்கோ. நல்ல கிழங்கு 20–25 நிமிசத்தில வெடிக்கும். உப்பு அரைவாசி அவிஞ்ச பிறகு. புளியோ தேசிக்காயோ முதல்லயே விட்டா கிழங்கு இறுகிப்போகும், அதெல்லாம் கடைசியில. வாயில வைக்கக் கசந்தா யோசிக்காமல் எறியுங்கோ.

குளத்தடி:
"புளி கடைசியில" எண்டது கிழங்குக்குச் சரி, குளத்து மீனுக்கு நேர்மாறு. சேற்று மணத்தைத் தாற பொருள் புளிப்பில உடையும், அதால மீனுக்குப் புளிதான் முதல்.

ஏலுமெண்டா விராலை உயிரோட வாங்குங்கோ. சாம்பலோ கல்லுப்போ போட்டு வழுவழுப்புப் போகத் தேய்ச்சு, வயித்துக்குள்ள இருக்கிற சவ்வையும் முள்ளோட ஒட்டின இரத்தத்தையும் சுரண்டுங்கோ. மணம் கூடுதலா நிக்கிறது தோலிலயும் கொழுப்பிலயும். 1 கிலோவுக்குத் தேசிக்காயளவு பழப்புளியைக் கரைச்சு, அரைத் தேக்கரண்டி மஞ்சளோட 15 நிமிசம் ஊறவிட்டு, அந்தத் தண்ணியை ஊத்திப்போடுங்கோ. கன நேரம் விட்டா சதை உதிரும்.

குழம்புக்கு வேற புளி. சின்ன வெங்காயம் 10, உள்ளி 6 பல்லு, வெந்தயம் 1 தேக்கரண்டி தாளிச்சு, புளித்தண்ணியில 2 மேசைக்கரண்டி கறித்தூளைக் கரைச்சு விட்டு, பச்சை மணம் போகும்வரை கொதிக்கவிடுங்கோ. அதுக்குப் பிறகுதான் மீன். அகப்பை போடாமல் சட்டியைப் பிடிச்சுச் சுழட்டுங்கோ. 10 நிமிசத்தில முதற்பால் கால் கப், ஒரு கொதி, இறக்குங்கோ. திலாப்பியாவுக்கும் இதே முறைதான், வயித்துக் கறுப்புச் சவ்வை மட்டும் துப்புரவா எடுக்கோணும்.

மண்சட்டி:
கத்தரிக்காய் கைக்குப் பாரமா இருந்தா உள்ளுக்க விதை முத்திட்டுது. பருமனுக்கு இலேசா, தோல் மினுங்கி, காம்பு பச்சையா இருக்கிறதை எடுங்கோ. காம்பு மூடியைச் சுத்தி ஓட்டை இருந்தா புழு.

வெட்ட வெட்ட உப்பு மஞ்சள் தண்ணிக்குள்ள போடுங்கோ, காத்துப் பட்டாத்தான் கறுக்கும். இரும்புத் தாச்சியில பால்கறி வைச்சா சாம்பல் நிறம் நிச்சயம். அரைக் கிலோவுக்கு 6 பச்சைமிளகாய், 8 சின்ன வெங்காயம், இரண்டாம் பால், உப்பு. காய் மெத்தெண்டு ஆன பிறகு முதற்பாலை விட்டு, மெல்லிய நெருப்பில கிண்டிக்கொண்டு நிண்டு, ஓரத்தில நுரைக்கேக்க இறக்குங்கோ. திரையிறது கூடின நெருப்பாலயும் அடுப்பில இருக்கேக்கயே தேசிக்காய் பிழியிறதாலயும். இறக்கி ஐந்து நிமிசம் ஆறின பிறகு பிழியுங்கோ.

புதுக்குடித்தனம்:
நன்றி. மிஞ்சின பச்சைக் கிழங்கை எப்பிடி வைக்கிறது?

பரந்தன் தோட்டம்:
உரிச்சு, மூழ்கத் தண்ணி விட்டுக் குளிர்சாதனப்பெட்டியில வையுங்கோ, அடுத்த நாளே அவிச்சிடோணும். கூட நாளுக்கெண்டா துண்டாக்கி உறையவிடுங்கோ, எடுத்த உடன நேரே கொதிதண்ணிக்குள்ள போடலாம்.